வண்டியைத் தட்டிப் பார்க்குமுன் புத்தகத்தைக் கேளுங்கள்

கூலிமிலிருந்து லூனாஸ், பாடாங் செராய் வழியாகச் சுங்கைப் பட்டாணிக்கு வரும் பழைய சாலையில் நீங்கள் எத்தனையோ முறை வந்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அந்தச் சாலையின் இருமருங்கிலும் கித்தா மரங்கள் வரிசை பிடித்து நிற்கும். விடியற்காலை பஸ்ஸில் போனால் பால் வெட்டப் போகிறவர்களின் நெற்றி விளக்குகள் மின்மினிகளைப் போல் மரங்களுக்கிடையே நகர்வது தெரியும். இன்று பெரும்பாலும் செம்பனை. செம்பனை இல்லாத இடங்களில் வீடமைப்புப் பகுதிகள். லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு வந்த நம்மவர் பலர் அந்த வரிசை வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு காடி, ஒரு மோட்டார் சைக்கிள். இடையிடையே சாலையோரப் புல்தரையில் ஒரு வேன் நிற்கும். அதன் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று மலாயில் எழுதிய ஓர் அட்டை.

அப்படி நிற்கும் வேன்களில் ஒன்றிரண்டைச் சற்று நின்று எட்டிப் பாருங்கள். பின்னால் இருக்கைகள் இருக்கமாட்டா. அவை இருந்த இடத்தில் மடக்கும் படுக்கை, சின்னதாய் ஓர் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, குளிர்பெட்டி, ஜன்னலுக்குத் திரை. வீட்டையே வண்டிக்குள் தூக்கி வைத்திருப்பார்கள். வெள்ளைக்காரர் இதை மோட்டார் ஹோம் என்கிறார்கள். நாம் வீட்டு வண்டி என்று சொல்லிக்கொள்வோமே! நம் பாட்டன்மார் ஊரில் கூண்டு வண்டி கட்டி, வைக்கோல் பரப்பி, அடியில் லாந்தர் தொங்கவிட்டு, சட்டி பானையோடு திருவிழாவுக்குப் போனவர்கள்தாமே? மாடு போய் என்ஜின் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வண்டிகள் மேல் நம்மவர்க்கு இப்போது ஆசை பிறந்திருக்கிறது. யான் பக்கம் தித்தி ஹாயுன் நீர்வீழ்ச்சி, பாலிங்கில் உலு லெகோங் வெந்நீர் ஊற்று, கூலிமுக்கு அப்பால் சுங்கை செடிம், கடற்கரை வேண்டுமென்றால் பந்தாய் மெர்டேக்கா என்று கெடா மாநிலத்திற்குள்ளேயே சுற்ற இடம் ஏராளம். ஓட்டலுக்குக் கொடுக்கும் காசு மிச்சம். அம்மா கையால் சமைத்த சாப்பாடு. பேரப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ். புது வண்டி வாங்க யாரால் முடியும்? ஆகவே பழைய வண்டி. அதை வாங்கப் போகிற ஆசாமியைக் கவனித்துப் பாருங்கள். டயரை உதைத்துப் பார்ப்பார். கதவை இரண்டு தடவை அடித்துச் சாத்துவார். என்ஜினை முறுக்கிப் புகையின் நிறத்தைப் பார்ப்பார். கிராண்டு இருக்கிறதா என்பார். ரோடு டேக்ஸ் எந்த மாதம் முடிகிறது என்பார். ஆனால் முன்னிருக்கைக்கு எதிரேயுள்ள சின்னப் பெட்டியைத் திறந்து, "இந்த வண்டியோடு வந்த புத்தகம் எங்கே?" என்று கேட்கிறவரை நூற்றுக்கு ஒருவராகக் காண்பது அரிது.

அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச நினைக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கெடாக்காரர்களாகிய நமக்கு வண்டி என்பது எங்கிருந்தோ கப்பலில் வந்து இறங்கும் பொருள் மட்டுமன்று. நம் மாநிலத்திலேயே வண்டிகள் பிறக்கின்றன. குருணில் ஜெராய் மலையடிவாரத்தில் மொடேனாஸ் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருப்பது உங்களுக்குத் தெரியும். 1995இல் அமைந்த அந்த நிறுவனம் 1996இல் கிரிஸ் என்ற மோட்டார் சைக்கிளை வெளியிட்டது; தோட்டப்புறத்தில் அது நுழையாத லயம் இல்லை. கூலிம் மாவட்டத்தில் இனோகோம் தொழிற்சாலை. அங்கே கட்டப்பட்ட பெர்மாஸ் என்ற வேனை உங்களில் சிலர் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியாகக்கூடப் பார்த்திருக்கலாம். அந்தப் பெர்மாஸ் யார் வீட்டுப் பிள்ளை தெரியுமா? பிரெஞ்சுக்காரர்களின் ரெனோ டிராஃபிக் வேன்தான் கூலிமில் பெயர் மாற்றிக்கொண்டது. ஐரோப்பாவில் அதே முதல் தலைமுறை டிராஃபிக் வேனை வாங்கி, கூரையை உயர்த்தி, படுக்கை போட்டு, ஆயிரக்கணக்கானோர் வீட்டு வண்டியாக்கிக்கொண்டார்கள். அதற்கும் முன்னோடி ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேன். 1951லேயே வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் செய்து பொருத்தத் தொடங்கிவிட்டது.

பெர்மாஸ் உற்பத்தி நின்று வெகு காலமாகிவிட்டது. இப்படி உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்குத்தான் புத்தகத்தின் அருமை அதிகம். டொயோட்டா ஹையேஸ் என்றால் எந்தப் பட்டறையிலும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவார். அபூர்வ வண்டியை எடுத்துக்கொண்டு போனால் பட்டறைக்காரரே தலையைச் சொறிவார். எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், எந்த ஃபியூஸ் எதற்கு என்று சொல்ல ஊரில் ஆள் இல்லாதபோது அந்தப் பெட்டிக்குள் கிடக்கும் புத்தகம் ஒன்றுதான் வாய் திறக்கும்.

சாதாரணக் காடிக்கு ஒரே புத்தகம் போதும். வீட்டு வண்டி அப்படியல்ல. அதற்குப் பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று. என்ஜினும் சக்கரமும் பிரேக்கும் ஒரு தொழிற்சாலையில் பிறந்தவை. அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்ப் பம்பு, இரண்டாவது பேட்டரி, அதற்குச் சார்ஜர் ஆகியவை எல்லாம் வேறொரு பட்டறையில் சீதனமாய் வந்து சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏடு. ஒழுங்காக வைத்திருந்த வண்டியில் ஏழெட்டுச் சிறு புத்தகங்கள் இருக்க வேண்டும். இவற்றோடு சர்வீஸ் புத்தகம் ஒன்று. எத்தனை கிலோமீட்டரில் எந்தத் தேதியில் என்ன செய்தார்கள் என்று முத்திரை குத்தியது.

பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் லோரி ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். ஊழியர் சேம நிதியில் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை வைத்துப் பழைய வீட்டு வண்டி வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மனைவி மக்களை அழைத்துக்கொண்டு போன இடமெல்லாம் தோட்டத்து லோரியின் பின்தட்டில்தான்; இனியாவது உட்கார வைத்து, படுக்க வைத்து அழைத்துப் போகவேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த அம்மாளோ, இருப்பதே இந்தப் பணம்தான், மூழ்கிவிட்டால் பிள்ளைகள் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும் என்று கவலைப்பட்டார். சுங்கைப் பட்டாணியில் இரண்டு வண்டிகளைப் பார்க்க என்னையும் துணைக்கு அழைத்தார்கள்.

முதல் வண்டி வெள்ளை நிறம். கண்ணாடி போல் துடைத்து வைத்திருந்தது. மெத்தை புதிது, திரை புதிது. என்ஜின் ஒரே திருப்பலில் எழுந்தது. தொண்ணூறாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடியிருப்பதாக மீட்டர் காட்டியது. விலையும் குறைவு. அண்ணனுக்கு அப்போதே மனம் போய்விட்டது. புத்தகம் கேட்டபோது தவுக்கே கையை விரித்தார். "பழைய வண்டிக்கு யார் புத்தகம் வைத்திருக்கிறார்கள்? ஓட்டிப் பார், திருப்தியா என்று சொல்" என்றார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வந்தபடி வாங்கி வந்தபடி விற்கிறவர்.

இரண்டாவது வண்டி அதைவிடப் பழசு. பச்சைச் சாயம் வெயிலில் வெளுத்திருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு வாசலிலேயே வைத்து விற்றார். நாங்கள் வாய் திறக்குமுன்பே உள்ளே போய் ஓர் அரிசிப் பையைக் கொண்டுவந்து மேசைமேல் கவிழ்த்தார். வண்டிப் புத்தகம், சர்வீஸ் புத்தகம், அடுப்பின் ஏடு, பம்பின் ஏடு, பட்டறை ரசீதுகள் எல்லாம் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தன.

அண்ணன் விலையை எண்ணிக்கொண்டு முதல் வண்டிப் பக்கமே சாய்ந்தார். அப்போது அந்த அம்மாள் சொன்னார்: "மகனுக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப சாதகம் இல்லாம அடி எடுத்து வைக்க மாட்டேன்னு நின்னீங்க. நம்ம சேமநிதிக் காசைக் கொட்டப் போற வண்டிக்குச் சாதகம் வேண்டாமா?"

சாதகம் பார்க்க உட்கார்ந்தோம். நேயர்களே, அது ஒன்றும் குறையில்லாத சாதகம் அன்று. முதல் ஆறு ஆண்டுகளுக்கு ஐயாயிரம், பத்தாயிரம் என்று ஒழுங்காக முத்திரைகள். 88,000 கிலோமீட்டரில் நின்றுவிட்டன. மீட்டரோ 112,000 காட்டியது. வண்டிப் புத்தகத்தைப் புரட்டினால், என்ஜினுக்குள் இருக்கும் டைமிங் பெல்ட் என்ற ரப்பர்ப் பட்டையை 100,000 கிலோமீட்டரில் மாற்றவேண்டும் என்று கட்டம் போட்டு அச்சிட்டிருந்தது. ரசீதுக் கட்டில் அதற்கான ரசீது இல்லை. அந்தப் பட்டை ஓடும்போது அறுந்தால் பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பிறகு என்ஜினைக் கீழே இறக்க வேண்டியதுதான். ஆசிரியரிடம் கேட்டோம். மனைவிக்கு உடல்நலம் கெட்டபின் வண்டியைக் கவனிக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னார். பெல்ட் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டார். எந்த நோய் இருக்கிறது, மருந்துக்கு என்ன செலவு என்று தெரிந்து வாங்கிய வண்டி அது.

வெள்ளை வண்டியின் தொண்ணூறாயிரம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஒன்று தொண்ணூறாயிரமாகவும் இருந்திருக்கலாம். மீட்டரைப் பின்னுக்குத் திருப்புவது கைதேர்ந்தவர்களுக்குப் பத்து நிமிட வேலை. முத்திரைகளையும் தேதிகளையும் வெவ்வேறு பட்டறைகளின் மையையும் அப்படித் திருப்ப முடியாது.

நீங்கள் கேட்கலாம்: கைமாற்றும்போது அரசாங்கப் பரிசோதனைதான் உண்டே, பிறகென்ன என்று. உண்டு. பெயர் மாற்றத்திற்கு பி5 பரிசோதனை. வங்கிக் கடன் என்றால் பி7. என்ஜின் எண்ணும் சட்ட எண்ணும் பதிவோடு ஒத்திருக்கின்றனவா, திருட்டு வண்டியா, ஒட்டு வண்டியா என்பதை அங்கே கண்டுகொள்வார்கள். நல்ல காரியம். ஆனால் பெல்ட் எப்போது மாற்றியது என்று அவர்கள் சொல்லமாட்டார்கள். அது அவர்கள் வேலையும் அன்று. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருக்கையைப் பெயர்த்துப் படுக்கை போடுவது வண்டியின் அமைப்பை மாற்றுவதாகும். அதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதல் வேண்டும். விற்கிறவரிடம் அந்த ஒப்புதல் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். கிராண்டில் ஒன்றும் வண்டிக்குள் வேறொன்றுமாக இருந்தால், விபத்து நாளில் காப்புறுதிக்காரர் உங்களைவிட நன்றாகவே கிராண்டைப் படிப்பார்.

புத்தகத்தைப் படிப்பதற்கு முன் அதைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2010 நவம்பரில் வட கெடா வெள்ளத்தில் மூழ்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். அலோர்ஸ்டார், ஜித்ரா பக்கம் வயலும் சாலையும் ஒன்றாகி, நெடுஞ்சாலையையே அடைத்தார்கள். 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங் மாவட்டத்துக் குப்பாங்கில் மலையிலிருந்து மரமும் சேறுமாய் வெள்ளம் இறங்கி உயிர்களைக் கொண்டுபோனது. இப்படி ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பிறகும் நீரில் நின்ற வண்டிகளைக் கழுவி, மெத்தை மாற்றி, வாசனை தெளித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். மெத்தையை மாற்றியவர் புத்தகத்தை மறந்துவிடுவார். ஒருமுறை நனைந்த தாள் காய்ந்தாலும் அலையலையாய் நெளிந்து நிற்கும். ஏட்டின் ஓரத்தில் மண்நிறக் கோடு, தைத்த கம்பியில் துரு, பக்கங்களுக்கிடையே பூஞ்சை வாடை இருந்தால், "மழை ஒழுகியதா, வெள்ளம் வந்ததா?" என்று விற்கிறவரைக் கேட்டுவிடுங்கள். அதேபோல இருபது வருஷத்து வண்டிக்குள் மடிப்புக் கலையாத புத்தம்புதுப் புத்தகம் இருந்தாலும் சற்று யோசிக்கத்தான் வேண்டும்.

இப்போது மலை ஏறுவோம். குருணைத் தாண்டும்போது இடப்பக்கம் நிமிர்ந்து நிற்கிறதே ஜெராய், 1,217 மீட்டர். கடாரத்தைத் தேடி வந்த பழைய கப்பல்களுக்கு அடையாளமாய் நின்ற மலை. அதன் காலடியில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு. ராஜேந்திர சோழன் 1025இல் படை அனுப்பிய கடாரம் இந்த வட்டாரம்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போகலாம். உச்சிக்குப் போகும் பாதை ஒடுக்கம். வளைவுக்கு மேல் வளைவு. ஏறுவது பெரிதல்ல. இறங்குவதுதான் சங்கதி.

நம் அண்ணனைப் போன்ற லோரிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது அவர்கள் பால பாடம். அவர் மகன் பழகியது ஆட்டோ கியர். 'டி'யில் போட்டுவிட்டு மலை முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறவர். வெறும் காடியில் அது தாங்கும். தண்ணீரும் கேஸும் ஆறு பேரும் ஏறிய வீட்டு வண்டியில் என்ன ஆகும்? பிரேக் கட்டை சூடேறும். அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்குப் போகும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் குணமுள்ளது. பழைய எண்ணெய் சீக்கிரம் கொதித்துவிடும். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் கால் பெடலில், பெடல் தரையில், வண்டி பள்ளத்தில்! கியர்க் கம்பியின் பக்கத்தில் '2', 'எல்' என்று எழுதியிருக்கிறதே, அது இப்படிப்பட்ட இறக்கத்திற்குத்தான் என்று வண்டிப் புத்தகத்தில் எழுதியிருக்கும். பிரேக் எண்ணெயை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பதும் அதில் இருக்கும். பெரிய வீட்டு வண்டி என்றால் அடிவாரத்தில் விட்டுவிட்டு வேறு வண்டியில் ஏறுங்கள் என்பேன் நான்.

ஏற்றும் பாரத்திற்கும் அதுதான் அளவுகோல். வெறும் வண்டியின் எடை இவ்வளவு, பாரத்தோடு இதற்கு மேல் போகக்கூடாது என்று இரண்டு எண்கள் புத்தகத்தில் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் உங்கள் பங்கு. படுக்கை, அலமாரி, மேலே கட்டிய கூடாரம் எல்லாம் ஏற்கெனவே அதில் பாதியைத் தின்றிருக்கும். அறுபது லிட்டர் தண்ணீர் என்றால் அறுபது கிலோ. ஆறு பேர், ஆளுக்கு அறுபது என்றாலும் முந்நூற்று அறுபது. அரிசி மூட்டையையும் அம்மியையும் ஏற்றாமல் நம்மவர் புறப்படுவார்களா? சந்தேகமிருந்தால் பக்கத்துச் செம்பனை ஆலையில் லோரி நிறுக்கும் எடைமேடை இருக்கிறது. தெரிந்தவர் மூலம் கேட்டு ஒருமுறை வண்டியை ஏற்றிப் பாருங்கள். டயருக்கு எவ்வளவு காற்று என்பதும் பாரத்தைப் பொறுத்தது; முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. கதவோரத்தில் ஒட்டிய தாள் சாயம் பூசும்போது மறைந்துபோயிருக்கும். புத்தகத்தில் மறையாது. டயரின் வயதையும் பாருங்கள். அதன் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வீட்டு வண்டி ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம் என்பதால் பூ தேயாமலே டயர் கிழடாகிவிடும்.

ஜப்பானிலிருந்து ரீகண்டிஷன் செய்து வரும் வீட்டு வண்டிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நமக்கோ 230, 240. அந்நாட்டு வண்டிக்குள் இருக்கும் சார்ஜர், அடுப்பு, மின்விசிறி 100 வோல்ட்டுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்கலாம். முகாம் இடத்தில் கம்பியை நீட்டி நம் பிளக்கில் சொருகினால், அதிர்ஷ்டமிருந்தால் புகை மட்டும் வரும், இல்லாவிட்டால் நெருப்பு. சார்ஜரின் ஏட்டைப் பிரித்தால் எத்தனை வோல்ட் என்று எண்ணில் போட்டிருக்கும். ஜப்பானிய எழுத்து தெரியாவிட்டாலும் எண் தெரியுமே! எழுத்தையும் படிக்க வேண்டுமானால் இப்போது கைத்தொலைபேசியைத் தாளுக்கு மேலே பிடித்தால் ஓரளவு மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறது. வைரம் பாய்ந்த மொழிபெயர்ப்பு அன்று. ஆனாலும் 'ஆபத்து' என்ற சொல்லைத் தவறவிடாது.

அடுப்பின் ஏடு எட்டுப் பக்கம்கூட இராது. அதைத்தான் முதலில் தூக்கிப் போடுவார்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு படியும். அதனால்தான் வீட்டு வண்டியின் அடிப்பக்கத்தில் சிறு துவாரங்கள் விட்டிருப்பார்கள். ஏன் அந்தத் துவாரம் என்று ஏட்டில் எழுதியிருக்கும். ஏடு இல்லாத வண்டியில் என்ன நடக்கும்? கொசு வருகிறது, மழைச்சாரல் அடிக்கிறது என்று ஒரு நல்ல மனிதர் அந்தத் துவாரத்தைத் துணி வைத்து அடைத்துவிடுவார். அதன்மேல் பாய் விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைப்பார்கள். அதேபோல், என்ஜினை ஓடவிட்டு ஏர்கண்டிஷன் போட்டுக்கொண்டு உறங்காதீர்கள் என்று வண்டிப் புத்தகங்கள் எச்சரிக்கின்றன. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நிறுத்திய காடிக்குள் உறங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தியை நம் நாளிதழ்களில் நீங்களே படித்திருப்பீர்கள்.

இவ்வளவும் சரி, புத்தகம் தமிழில் இல்லையே என்பீர்கள். உண்மைதான். மலாயிலும் ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும் வருகிறது. தோட்டத்தில் நம்மவர் எத்தனை இயந்திரங்களைக் கட்டி மேய்த்தார்கள்! கித்தாப் பால் ஆலையில் ரோலர் ஓட்டியவர், என்ஜின் அறையில் எண்ணெய் விட்டவர், துரையின் ஜீப்பைப் பிரித்துப் பூட்டியவர் ஆகியோரில் பலர் எழுத்து வாசனை இல்லாதவர்கள். புத்தகம் ஆபீஸ் அலமாரியில் இருக்கும்; கிராணிதான் திறப்பார். காதால் கேட்டு, கையால் தொட்டு, சூட்டையும் சத்தத்தையும் வைத்தே அவர்கள் தொழில் கற்றார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அறிவு அவர்களோடு போய்விட்டது. தோட்டம் துண்டாடப்பட்டு, ஆலை மூடி, ஆள் ஒரு பக்கம் பிரிந்தபோது எழுதி வைத்தது ஒன்றும் நம் கையில் மிஞ்சவில்லை. புத்தகம் என்பது ஆபீஸ்காரர் சமாச்சாரம் என்ற பழைய எண்ணம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வண்டி வாங்கப் போகையிலும் அதைக் கேட்க நமக்குக் கூச்சமாயிருப்பது அதனால்தானோ என்னவோ.

புத்தகம் இல்லாத வண்டி மனதுக்குப் பிடித்துப்போனால்? வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் முந்தைய சொந்தக்காரர் வீட்டு அலமாரியில் கிடக்கிறதா என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பல சமயம் அங்கேதான் கிடக்கும். அதே ரக வண்டி வைத்திருப்பவரிடம் வாங்கி நகல் எடுத்துக்கொள்ளலாம். பல நிறுவனங்கள் தங்கள் வண்டிகளின் கையேடுகளை வலைத்தளத்தில் இலவசமாய் வைத்திருக்கின்றன. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பிள்ளையிடம் வண்டியின் பெயர், ரகம், செய்த ஆண்டு மூன்றையும் சொன்னால் தேடிக் கொடுத்துவிடும். ஆண்டு முக்கியம். ஒரே பெயரில் வந்த வண்டிக்கு ஆண்டுக்கு ஆண்டு என்ஜினே மாறியிருக்கும். சர்வீஸ் புத்தகம் தொலைந்ததுதான் தொலைந்தது. அதற்கு நகல் கிடையாது. அப்படியானால் பெல்ட், எண்ணெய், பிரேக் எண்ணெய், டயர் எல்லாவற்றையும் புதிதாய் மாற்றும் செலவைக் கணக்குப் போட்டு, அதை விலையில் கழித்துக் கேளுங்கள். கொடுக்கமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சுங்கைப் பட்டாணியில் வேனுக்கா பஞ்சம்?

பீடோங் அண்ணன் பச்சை வண்டியை வாங்கிப் பெல்ட்டை மாற்றினார். தாமான் வீட்டு வாசலில், மாலை நேரத்தில், படிவம் மூன்று படிக்கும் பேத்தி புத்தகத்தை மலாயில் ஒவ்வொரு வரியாகப் படித்து அர்த்தம் சொல்வாள். அவர் மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, தமக்குத் தெரிந்த தமிழில் எழுதிக்கொள்வார். முன் டயர் காற்று இவ்வளவு. பின் டயர் இவ்வளவு. எண்ணெய் இத்தனை லிட்டர். அடுப்புத் துவாரத்தை அடைக்காதே. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் தேதி, ஊர், கிலோமீட்டர்: பந்தாய் மெர்டேக்கா, உலு லெகோங், சுங்கை செடிம். போன மாதம் பார்த்தபோது முதல் 555 முடிந்து இரண்டாவது தொடங்கியிருந்தது. முடிந்ததை அந்த ஆசிரியரின் அரிசிப் பைக்குள், மற்றப் புத்தகங்களோடு ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்.

"வண்டியை எனக்கப்புறம் யார் வாங்கினாலும் இந்தப் பையோடதான் கொடுக்கணும்னு பேத்திகிட்ட சொல்லிட்டேன்," என்றார். "அவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியணுமே, அதுதான் கவலை."